ஆய்வு மேலாண்மை மென்பொருள்: சேத்துப்பட்டில் தொடங்கும் ஒரு வரலாறு



ஆய்வு என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளைக் கோட்டும் நுண்ணோக்கியும்தான். ஆனால் மனிதர்களிடம் நடத்தப்படும் ஆய்வுகளில் பெரும்பாலான வேலை பட்டியல் போடுவதுதான். யாரைச் சேர்த்தோம், யாரிடம் ஒப்புதல் வாங்கினோம், அடுத்து யார் எப்போது வரவேண்டும், யார் வரவில்லை, எந்தக் குப்பி யாருடையது... இந்தப் பட்டியலை ஒழுங்காக வைத்திருக்க இன்று மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றைத்தான் ஆய்வு மேலாண்மை மென்பொருள் என்கிறார்கள். கையாள எளிதாக அதை எப்படி வடிவமைப்பது என்பது கணினித் துறை மாணவர்கள் புராஜெக்டுக்காக அடிக்கடி எடுத்துக்கொள்ளும் தலைப்பு. பெரும்பாலும் பொத்தான் எந்த இடத்தில் இருக்கவேண்டும், நிறம் என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அதில் முக்கியமான அத்தியாயம் நம் சென்னையில் நடந்தது என்பது பலருக்கும் தெரியாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வெயிலால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறதா என்று ஆராய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் இப்படிப்பட்ட ஆய்வை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்தியிருக்கிறார்கள். நான் சொல்லும் கணக்கு மட்டும் கற்பனை.) எக்கியார்குப்பத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலுமாக 300 பேர். ஆண்டுக்கு 4 முறை ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும். ஆக 1200 சந்திப்புகள். ஒவ்வொரு சந்திப்பிலும் ரத்தம் ஒரு குப்பி, சிறுநீர் ஒரு குப்பி என்றால் 2400 குப்பிகள். இதோடு கேள்வித்தாள், ரத்த அழுத்தம், எடை. இதில் ஒரு குப்பியின் எண் மாறிவிட்டால் ஒருவருடைய நோய் இன்னொருவர் தலையில் விழும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. ஆண்டு முடிவில் 300 பேரில் 40 பேர் வரவில்லை என்று வையுங்கள். வந்த 260 பேரை வைத்துக் கணக்குப் போட்டு "பெரிய பாதிப்பு ஏதும் இல்லை" என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் அந்த 40 பேர் ஏன் வரவில்லை? உடம்பு முடியாமல் வேலையை விட்டவர்களாக இருக்கலாம். அப்படியானால் யாருக்காக ஆய்வு தொடங்கப்பட்டதோ அவர்களையே கணக்கில் விட்டுவிட்டு ஆய்வு முடிந்திருக்கிறது! அதனால் ஓர் ஆய்வு மேலாண்மை மென்பொருளின் முதல் வேலை, வராதவர் யார் என்று அன்றைக்கே காட்டுவது என்பேன். இதைக் கணினி வருவதற்கு வெகு முன்பே புரிந்துகொண்டு செயல்பட்டவர்கள் சேத்துப்பட்டில் இருந்தார்கள்.

சேத்துப்பட்டுக்குப் போகுமுன் லண்டனில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1948-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து காசநோய்க்குப் பயன்படுகிறதா என்ற ஆய்வின் முடிவை வெளியிட்டது. 107 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் அதை எண்களின் குலுக்கலுக்கு விட்டுவிட்டார். ஒட்டப்பட்ட உறைகள், வெளியே மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும். நோயாளியைச் சேர்ப்பது முடிவான பிறகே அந்த எண்ணுள்ள உறை பிரிக்கப்படும். உள்ளே இருக்கும் அட்டை சொல்வதுதான் தீர்ப்பு. தனக்குப் பிடித்த நோயாளிக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் நினைத்தாலும் வழியில்லை. இன்றைய மென்பொருள்களில் 'குலுக்கல் ஒதுக்கீடு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தியபின் மாற்ற முடியாது. அது அந்த உறைதான்.

இப்போது சென்னை. 1950-களின் நடுவில் காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், 1952-ல் ஐசோனியசிட். ஆனாலும் நோயாளி சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்பதுதான் மருத்துவ நம்பிக்கை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? அங்கிருந்த காசநோய் மருத்துவமனைதான் காரணம். நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ அதற்கு எந்த விதத்திலும் போதாது. படுக்கை கிடைக்காதவர் வீட்டில் கிடந்து, தானும் செத்து, வீட்டாருக்கும் நோயைக் கொடுத்துவிட்டுப் போவார்.

இந்த நிலையில் 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. (இதுதான் 1978-ல் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆகி, 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.) லண்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். கேள்வி மிக எளிது: வீட்டில் இருந்தபடியே ஓராண்டு மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா, சானடோரியம் தேவைதானா?

193 நோயாளிகள். எல்லாரும் சென்னை நகரத்து ஏழைகள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் தாம்பரத்துக்கும் மதனப்பள்ளிக்கும் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் வழக்கம்போல இருந்துகொண்டு வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள்தான்.

ஆய்வு மேலாண்மை என்ற கண்ணோடு பார்த்தால் சுவாரசியம் இங்கேதான் இருக்கிறது. சானடோரியத்தில் செவிலியர் கண்முன் மருந்து விழுங்கப்படுகிறது. வீட்டில்? "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் யாரும் "இல்லை" என்று சொல்லப் போவதில்லை. பாஸ் என்பது வயிற்றைப் புரட்டும் மருந்து, அதை தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். எனவே மையத்தார் ஒரு சாட்சியை மட்டும் நம்பவில்லை. நோயாளி சொல்வது ஒன்று. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவது இரண்டு. அங்கேயே சிறுநீர் வாங்கிச் சோதிப்பது மூன்று. பாஸ் உள்ளே போயிருந்தால் சோதனையில் நிறம் மாறும். மருந்து தீர்ந்துவிட்டது, ஆனால் சிறுநீரில் மருந்து இல்லை என்றால் மாத்திரை குப்பைக்குப் போயிருக்கிறது என்று பொருள்! எக்ஸ்-ரே படங்களை மதிப்பிட்டவருக்கு, அந்தப் படம் வீட்டு நோயாளியுடையதா சானடோரியத்து நோயாளியுடையதா என்பது தெரியாது.

வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வரவேண்டியவர் வரவில்லை என்றால் தேடிப் போனார்கள். இதைச் செய்ய முடிந்ததென்றால், இன்று வரவேண்டியவர்கள் யார் என்பது காலையிலேயே கையில் இருந்திருக்க வேண்டும், மாலையில் அதில் யாருக்கு எதிரே குறி விழவில்லை என்று ஒருவர் பார்த்திருக்க வேண்டும். கணினி இல்லை, கால்குலேட்டர் கூட அரிது. நோட்டும் பேனாவும் ஒழுக்கமும்தான்.

1959-ல் முடிவு வந்தது. ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஓய்வு இருந்தது, எடையும் கூடியது. அப்படியிருந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தில் கூடுதலாக நோய் பரவவில்லை என்பது 1966-ல் வெளியானது. அதன் பிறகு உலகம் முழுக்க காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது. சானடோரியங்கள் மெல்ல மெல்ல வேறு மருத்துவமனைகளாக மாறின.

பாதி நோயாளிகள் இடையிலேயே காணாமல் போயிருந்தால் இந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இதன் பெருமையை மருந்துக்குக் கொடுப்போம், புள்ளியியலுக்குக் கொடுப்போம். வராதவரைத் தேடி சென்னை வெயிலில் சந்து சந்தாக அலைந்தவர்களுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்.

ஆனால் ஒன்று. நோயாளி பக்கம் நின்று பார்த்தால் இந்த ஏற்பாடு அத்தனை எளிதானது அல்ல. சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து வாசலில் நின்று சிறுநீர் கேட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இருக்குமா? காசநோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராத காலம் அது (இப்போது மட்டும் என்னவாம்!). ஆய்வாளருக்குத் தேவையான உண்மைக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். 'கையாள எளிதானது' என்று சொல்லும்போது யாருக்கு எளிது என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.

அடுத்த கட்டம் செங்கல்பட்டு மாவட்டம். 193 பேர் என்பது ஒரு நோட்டில் அடங்கும். 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு ஊசி போடப்பட்டது. திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்கள். அப்போது அவை செங்கல்பட்டு மாவட்டம். சிலருக்கு உண்மையான பி.சி.ஜி., சிலருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஆளுக்கு ஆள் அடையாளம் வைத்து, ஆண்டுகள் கழித்து அதே ஆளை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். 15 ஆண்டுகள்! இதற்குள் பெண்கள் கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பார்கள், சிலர் வேலை தேடிச் சென்னைக்குப் போயிருப்பார்கள், தாத்தா பெயர் பேரனுக்கு வந்திருக்கும். 1979-ல் வந்த முதல் முடிவு உலகையே அதிர வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. 1999-ல் வெளியான 15 ஆண்டு முடிவும் அதையே சொன்னது. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்களுக்கு அது பாதுகாப்பு தருகிறது என்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இப்படி யாரும் எதிர்பார்க்காத முடிவு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது "பதிவேடு சரியாக இருந்ததா?" என்பதைத்தான். 1980-ல் கூடிய நிபுணர் குழு ஆய்வு முறை சரிதான் என்றது.

சரி, கணினி எப்போது வந்தது? எண்களைக் கூட்டிக் கழிக்க அது முன்பே வந்துவிட்டது. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹோலரித் துளை அட்டை இயந்திரம் செய்தார். இந்தியாவில் மகலனோபிஸின் கல்கத்தா புள்ளியியல் நிறுவனம் அதே வகை இயந்திரங்களில் ஊறிய இடம். ஆனால் அவையெல்லாம் தலைமையகத்தில் குளிர்சாதன அறையில் இருந்தவை. களத்தில் அலைகிறவர் கையில் காகிதம்தான்.

இதை மாற்றிய முதல் மென்பொருளாக நான் சொல்வது 'எபி இன்ஃபோ'வை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1985-ல் வெளியிட்டது. டாஸ் இயங்குதளத்தில் ஓடும், ஒரு பிளாப்பியில் அடங்கும், இலவசம், யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம். அதன் வடிவமைப்பில் ஓர் அழகான யோசனை இருந்தது. நீங்கள் கேள்வித்தாளைச் சாதாரணமாகத் தட்டச்சு செய்கிறீர்கள். 'வயது' என்று எழுதி பக்கத்தில் இரண்டு எண்குறி போட்டால் அது இரண்டு இலக்க எண் வரவேண்டிய இடம். 'பெயர்' என்று எழுதி அடிக்கோடு போட்டால் எழுத்துக்கான இடம். அவ்வளவுதான், அந்தக் கேள்வித்தாளே தரவுத்தளம் ஆகிவிடும். புரோகிராமர் தேவையில்லை. காகிதத்தில் கேள்வித்தாள் எழுதத் தெரிந்த ஒரு மருத்துவருக்குத் தெரிந்த வேலையை வைத்தே தெரியாத வேலையைச் செய்ய வைத்துவிட்டார்கள். இதை எழுதியவர்களில் ஆண்ட்ரூ டீனும் அவர் மகன் ஜெஃப்ரி டீனும் முக்கியமானவர்கள். அப்போது பதின்ம வயதில் இருந்த அந்த மகன்தான் பின்னாளில் கூகுளின் புகழ்பெற்ற பொறியாளர் ஜெஃப் டீன். :-)

பிறகு 2000 வாக்கில் டென்மார்க்கிலிருந்து 'எபிடேட்டா' வந்தது. அதே கேள்வித்தாள் முறை; கூடவே, ஒரே படிவத்தை இரண்டு பேர் தனித்தனியாக உள்ளிட்டு, எங்கே வேறுபடுகிறது என்று ஒப்பிடும் வசதி. நம் மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறைப் பக்கம் போனவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் பழக்கமானவை.

2004-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிஸ் குழுவினர் 'ரெட்கேப்' செய்தார்கள். இணைய உலாவியில் இயங்கும். எந்த நோயாளி எந்தச் சந்திப்புக்கு எப்போது வரவேண்டும் என்ற நாட்காட்டி, யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற அழிக்க முடியாத குறிப்பு, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்ற கட்டுப்பாடு எல்லாம் ஒரே இடத்தில். கேள்விப் பட்டியலை ஒரு விரிதாளில் எழுதி ஏற்றினால் படிவம் தயார். இங்கேயும் பாருங்கள், ஆய்வாளருக்கு ஏற்கனவே பழக்கமான எக்செல் தாளையே பிடித்துக்கொண்டார்கள். 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஓ.டி.கே. (ஓப்பன் டேட்டா கிட்) படிவத்தை ஆண்ட்ராய்டு கைபேசிக்குக் கொண்டுவந்தது. டவர் கிடைக்காத இடத்திலும் நிரப்பலாம், கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளும். உப்பளத்து நடுவில் நிற்கும் களப்பணியாளருக்கு இது வரம்.

ஆனால் இந்த மென்பொருள்கள் எல்லாமே எங்கோ வேறிடத்தில் யோசிக்கப்பட்டவை. மரக்காணத்தில் அவற்றைத் திறந்தால் முதல் கட்டத்திலேயே முட்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பல படிவங்களில் இரண்டு கட்டங்கள். நமக்கேது குடும்பப்பெயர்? அப்பா பெயரைப் போட்டால் கல்யாணமான பெண்ணுக்குக் கணவர் பெயரா அப்பா பெயரா? ஒரு களப்பணியாளர் ஒன்று போடுவார், ஆறு மாதம் கழித்து வருகிறவர் இன்னொன்று போடுவார். ஒரே பெண் இரண்டு பேர் ஆகிவிடுவார். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதும் கூத்து தனி. 'செல்வி'யை எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தமிழிலேயே எழுதலாமே என்றால், ஒரு காலத்தில் டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஊருக்கொரு எழுத்துரு; ஒருவர் உள்ளிட்டதை இன்னொருவர் கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோடு பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பிறந்த தேதி இன்னொரு கட்டம். வயதானவர்களில் பலருக்குத் தெரியாது. தேதி போடாமல் அடுத்த பக்கம் போகவிடாது மென்பொருள். களப்பணியாளர் என்ன செய்வார்? ஜனவரி 1 என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சேமிக்கப்பட்ட தரவைப் பார்த்தால் அந்த ஊரில் பாதிப்பேர் புத்தாண்டு அன்று பிறந்திருப்பார்கள்! "சுனாமி வந்தப்போ என் மூத்த பேத்திக்கு மூணு வயசு" என்று ஓர் ஆயா சொன்னால் அதை அப்படியே வாங்கி 2001 என்று கணக்கிட்டு, 'தோராயம்' என்று குறித்துக்கொள்ளும் கட்டம்தான் இங்கே எளிதான கட்டம். ஊருக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளை வைத்து வயதைக் கணிப்பது கணக்கெடுப்புக்காரர்களின் பழைய உத்திதான், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அடுத்து நாட்காட்டி. முதல் சந்திப்பிலிருந்து 90-ஆம் நாள், மூன்று நாள் முன்பின் இருக்கலாம் என்று மென்பொருளில் எழுதியிருக்கும். உப்பளத்தில் மழைக்காலம் தொடங்கினால் பாத்திகளில் வேலை இல்லை. கூலிக்கு வேறெங்கோ போய்விடுவார்கள். கடலிலோ கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மற்ற நாட்களில் கடலுக்குப் போகிறவர் விடியுமுன் போய்விடுவார். உப்பு வாருகிறவரும் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்ப்பார். காலை பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டிவிட்டு "ஆள் இல்லை" என்று குறித்துக்கொண்டு போனால் தப்பு யார் மேல்?

கைபேசியை நம்பி நடத்தும் ஏற்பாடுகளில் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. '99 டாட்ஸ்' என்று ஒரு முறை. பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தில் உருவானது, 2015 வாக்கில் காசநோய்த் திட்டத்துக்குள் வந்தது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை. மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால்தான் அதன் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், இன்று மாத்திரை சாப்பிட்டதாகப் பதிவாகிவிடும். காசு செலவில்லை, ஸ்மார்ட்போன் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். மிஸ்டு கால் என்ற நம் ஊர்ப் பழக்கத்தையே பிடித்திருக்கிறார்கள். இதைவிட எளிதாக என்ன செய்துவிட முடியும்?

இந்த முறை சரியாக அளக்கிறதா என்று சேத்துப்பட்டு நிறுவனத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்தார்கள். எப்படி? முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் சிறுநீர் வாங்கி ஐசோனியசிட் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1956-ன் அதே உத்தி! 2020-ல் வெளியான முடிவு: அழைப்புப் பதிவு நம்பும் அளவுக்குத் துல்லியமாக இல்லை. மாத்திரை சாப்பிட்ட பலர் அழைக்கவில்லை. கையில் சொந்தக் கைபேசி இல்லாதது, சிக்னல் கிடைக்காதது, மாதக்கணக்கில் தினமும் அழைத்துச் சலித்துப் போவது, வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் என்று காரணங்கள் பல. அலுவலகத் திரையில் அவர்கள் சிவப்புக் கட்டங்களாகத் தெரிந்திருப்பார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட ஒருவர், சாப்பிடாதவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. 99 டாட்ஸைக் குறை சொல்வதற்காக அல்ல. இத்தனை யோசித்துச் செய்த ஏற்பாடே இப்படி என்றால் மற்றவை எப்படி என்பதற்காக. பழைய சென்னை ஆய்வு ஒரே சாட்சியை நம்பாததால்தான் தப்பித்தது. இப்போது திரையில் பச்சையும் சிவப்பும் அழகாகத் தெரிவதால் இரண்டாவது சாட்சியைத் தேடத் தோன்றுவதில்லை.

ஒப்புதல் படிவம் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி (எச்.பி.வி.) செயல்விளக்கத் திட்டம் ஒன்று நடந்தது. 10 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகள். 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது கம்மத்தில் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண்கள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தது தெரிய வந்தது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. படிவத்தில் கையெழுத்து இருந்தது. எண்ணிக்கையும் சரியாக இருந்திருக்கும். 'ஒப்புதல் பெறப்பட்டதா?' என்று ஒரு மென்பொருள் கேட்டிருந்தால் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். யார் கையெழுத்து, பிள்ளைக்கு என்ன உறவு, எந்த மொழியில் விளக்கப்பட்டது, யார் விளக்கினார், எந்த நாளில் என்பதைக் கேட்காத ஒப்புதல் கட்டம் ஆய்வாளருக்கு மட்டும்தான் எளிது. (இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைத் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் பதியும் முறை 2007 ஜூலையில் வந்து, மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூன் முதல் கட்டாயமானது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் போய்ப் பார்க்கலாம்.)

கடைசியாக ஒன்று, கடற்கரைக்கே உரியது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கரையோர ஊர்களுக்கு நிவாரணம் வந்ததோடு கேள்வித்தாள்களும் வந்தன. வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை மறுபடி மறுபடி கேட்டார்கள். எத்தனை பேர் இறந்தார்கள், படகு போனதா, தூக்கம் வருகிறதா... பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கையிலும் இதே கதைதான். அங்கே அதுல சுமதிபால, சிசிர சிரிபத்தன ஆகிய இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2005-லேயே லான்செட் இதழில் சுனாமிக்குப் பிந்தைய ஆய்வுகளின் நெறிமுறை பற்றி எழுதினார்கள். ஓர் ஆய்வு மேலாண்மை மென்பொருள் ஓர் ஆய்வுக்குள் நடப்பதை மட்டுமே பார்க்கும். இந்த ஊரில் போன மாதம் இன்னொருவர் வந்து இதையே கேட்டுவிட்டுப் போனாரா என்பது அதற்குத் தெரியாது. ஊர்ப் பஞ்சாயத்தாருக்குத் தெரியும், ஆனால் அவர்களுக்கு அந்த மென்பொருளில் கடவுச்சொல் கிடையாது.

எக்கியார்குப்பத்தில் நம் கற்பனை ஆய்வுக்கு ஒரு செயலி செய்யச் சொன்னால் நான் முதலில் செய்யும் திரை இதுதான்: 'இன்று பார்க்க வேண்டியவர்கள்'. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஊரார் அழைக்கும் பெயர், வீட்டுக்கு அடையாளம் (மாரியம்மன் கோயில் பின்னால், நீல வலைக்கொட்டகை பக்கத்தில் என்பது போல), எந்நேரம் இருப்பார், யாருடைய கைபேசியில் பேசலாம், யாருக்குத் தெரியக்கூடாது. வரவில்லை என்றால் காரணம் எழுத ஒரு பெரிய கட்டம், குரலிலும் சொல்லலாம். எடுத்த ரத்தத்தின் முடிவு எப்போது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு தேதி. அது நிரம்பாமல் அந்த ஆளின் பதிவு மூடாது. வரைபடங்களும் சதவீதங்களும் அடுத்த மாதம் செய்துகொள்ளலாம்.